டேட்டாபேஸ் செய்திமடலுக்குச் சந்தா கட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

வேலந்தாவளத்திலிருந்து தினமும் பஸ் ஏறிக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, டேட்டாபேஸ், டேட்டா கட்டமைப்பு பற்றி வாரம் ஒருமுறை மெயிலில் வரும் ஆங்கிலச் செய்திமடல் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டலாமா என்று யோசிக்கிறேன். நான்கு இதழ் படித்துவிட்டேன். எல்லாமே பெரிய விஷயமாகத் தெரிகிறது. எனக்கு உதவுமா, எழுதுகிறவருக்கு உண்மையிலேயே விஷயம் தெரியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

நான்கு இதழையும் மறுபடி படிக்க வேண்டாம் தம்பி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஏதாவது ஓர் இதழை எடுத்து, அதில் சொல்லியிருக்கும் ஒரே ஒரு விஷயத்தை உங்கள் லேப்டாப்பில் செய்து பாருங்கள். கம்பெனி டேட்டாவைத் தொட வேண்டாம். அதே மாதிரி டேபிள் ஒன்றைப் போட்டு, போலி வரிகளைப் பத்து லட்சம் நிரப்பினால் போதும். அவர் சொன்னது உங்கள் கண்முன் நடக்கிறதா? நடக்கவில்லை என்றால், ஏன் நடக்கவில்லை என்பதற்கு அவர் எழுத்திலேயே பதில் இருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் அவருக்குக் காசு கொடுக்கலாம். செய்து பார்க்க எதுவுமே இல்லாத இதழாக இருந்தால், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அதற்கு நான் சந்தா கட்ட மாட்டேன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரிந்தால்தான் நீங்கள் எடைபோட முடியும். நான் இருப்பது கேரளத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சித்தூர் தாலுகாவிலும் எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கமும் உள்ள பால் சொசைட்டிகளுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்து, அதன் டேட்டாபேஸைப் பராமரிப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு. காலையும் மாலையும் ஒவ்வொருவரும் ஊற்றும் பாலின் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கிய திடப்பொருள்), அதற்கான விலை, பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடா. இந்த வேலையோடு வேலையாக இப்படிப்பட்ட செய்திமடல்களை விடாமல் படித்து வந்திருக்கிறேன். சிலவற்றால் என் வேலை தப்பித்தது. சிலவற்றை நம்பி வாரக்கணக்கில் நேரத்தை இழந்தேன்.

இழந்ததற்கு முக்கியமான காரணம் அளவு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 சொசைட்டி, ஒவ்வொன்றிலும் 300 பேர், நாளுக்கு இரண்டு வேளை. நாளுக்கு 24,000 வரி, வருடத்துக்கு 87,60,000 வரி. கேட்கப் பெரிதாக இருக்கும். ஒரு சாதாரண சர்வரில் ஒற்றை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இதைச் சிரமமில்லாமல் பல வருடம் தாங்கும். ஆனால் நான் படித்த கட்டுரைகளில் பாதி, டேட்டாவைப் பல மெஷின்களில் பிரித்து வைப்பது பற்றியும் காஃப்கா என்ற டேட்டா கடத்தும் சாஃப்ட்வேர் வழியாக ஓடவிடுவது பற்றியும் இருந்தன. படிக்கப் படிக்க நாமும் அப்படிச் செய்யாவிட்டால் பின்தங்கிவிடுவோம் என்ற பயம் வரும். அந்தப் பயத்தில் ஒரு தடவை தேவையில்லாத ஏற்பாட்டைக் கட்டினேன்; மூன்று மாதத்தில் பிரித்துப் போட்டேன். 2015-இல் மெக்‌ஷெர்ரி, ஐசர்ட், மர்ரி என்ற மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட புராசஸர் கோர்களில் ஓடிய, தொடர்புகளின் வலையை அலசும் பெரிய கிராஃப் சிஸ்டங்கள் சிலவற்றை, ஒரு லேப்டாப்பில் ஒற்றைத் த்ரெட்டில் ஓடும் எளிய புரோகிராம் வேகத்தில் முந்தியதை அதில் காட்டினார்கள். அது முன்பே என் கண்ணில் பட்டிருந்தால் அந்த மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

அதனால் ஒரு இதழைத் திறந்ததும் நான் தேடுவது இதைத்தான்: யாருடைய வேலை, எவ்வளவு டேட்டா, எழுதுவது அதிகமா படிப்பது அதிகமா? இதைச் சொல்லாமல் 'இந்த டேட்டாபேஸ் அதைவிட மேல்' என்று எழுதுகிறவரிடம் எனக்கு நம்பிக்கை வராது. 2016-இல் ஊபர் நிறுவனம் போஸ்ட்கிரெஸை விட்டு மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸுக்குப் போன கதையை எழுதியது நினைவிருக்கலாம். அப்போது பல செய்திமடல்கள் 'போஸ்ட்கிரெஸ் பெரிய வேலைக்கு ஆகாது' என்று ஒரு வரியில் முடித்துவிட்டன. மூலத்தைப் படித்தால் விஷயம் வேறு. அவர்களுடைய வேலையில் ஏற்கெனவே இருக்கும் வரிகளைத் திருத்துவது மிக அதிகம். தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸும் டேபிளுக்கு நிறைய. போஸ்ட்கிரெஸில் ஒரு வரியைத் திருத்தினால் புதுப் பிரதி ஒன்று உருவாகும். பெரும்பாலான நேரம் எல்லா இண்டெக்ஸிலும் புதுப் பதிவு போட வேண்டியிருக்கும். அது அவர்களுக்கு வலித்தது. அவர்கள் போய்ச் சேர்ந்ததும் வெறும் மைஎஸ்க்யூஎல் அல்ல, அதற்கு மேல் தாங்களே கட்டிய வேறொரு சேமிப்பு முறை. இந்த இரண்டு விவரமும் இல்லாமல் அந்தச் செய்தியைப் படிக்கிறவர் தவறான முடிவுக்குத்தான் வருவார்.

டிஸ்கார்ட் என்ற சாட் செயலியின் நிறுவனம் 2023-இல் எழுதியதும் அப்படித்தான். கசாண்ட்ரா டேட்டாபேஸ் ஓடிய 177 மெஷின்களிலிருந்து, சில்லாடிபி என்ற வேறொரு டேட்டாபேஸ் ஓடும் 72 மெஷின்களுக்கு மாறினோம் என்றார்கள். தலைப்புக்கு அந்த இரண்டு எண்ணும் போதும். ஆனால் அவர்கள் டேட்டாபேஸுக்கு முன்னால் புதிதாக ஓர் அடுக்கையும் வைத்தார்கள். ஒரே மெசேஜை ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் கேட்டால், அந்த அடுக்கு ஆயிரத்தையும் ஒன்றாக்கி டேட்டாபேஸிடம் ஒரு தடவைதான் கேட்கும். கிடைத்த பலனில் அதற்கும் பங்கு உண்டு. நல்ல செய்திமடல் இந்த இடத்தில் நின்று எழுதும். உங்களிடம் உள்ள நான்கு இதழில், வேறொரு நிறுவனத்தின் கதையைச் சொன்ன இதழ் ஏதாவது இருந்தால் மூலத்தைத் தேடிப் படித்துவிட்டு, செய்திமடல் எதை விட்டுவிட்டது என்று பாருங்கள். ஒரு மணி நேர வேலை. எழுதுகிறவர் மூலத்தை முழுக்கப் படித்தாரா, தலைப்பை மட்டும் மேய்ந்தாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது, செய்து பார்ப்பது என்றால் என்ன என்று என் அனுபவத்திலிருந்தே காட்டுகிறேன்.

என் பால் கணக்கில் ஒரு டேபிள் உண்டு. காலையில் பால் ஊற்றும்போது ஒரு வரி விழும். கொழுப்பு அளவு உறுதியான பிறகு அதே வரியில் தொகை திருத்தப்படும். அந்தத் தொகை நெடுவரிசைக்கு எப்போதோ ஓர் இண்டெக்ஸ் போட்டு வைத்திருந்தேன். நாள் போகப் போகப் பட்டுவாடா பட்டியல் மெதுவானது. பட்டனை அழுத்திவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வரலாம் என்கிற அளவுக்கு ஆனது. சொசைட்டி செயலாளர் அண்ணன் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் காசு வாங்க வரிசையில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அந்த நேரத்தில் ஒரு செய்திமடலில் ஆட்டோவேக்யூம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. படமோ பெரிய பெயர்களோ அதில் இல்லை. திருத்தப்பட்ட வரியின் பழைய பிரதி செத்த வரியாக டேபிளிலேயே கிடக்கும். அதைத் துப்புரவு செய்வது வேக்யூம். அது தானாக எப்போது கிளம்பும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு என்று விளக்கியிருந்தார். போஸ்ட்கிரெஸில் யாரும் மாற்றாமல் விட்டிருந்தால், செத்த வரிகளின் எண்ணிக்கை 50-ஐயும் அதோடு டேபிளின் மொத்த வரிகளில் 20 சதவீதத்தையும் கூட்டியதைத் தாண்டும்போதுதான் அது வேலையைத் தொடங்கும். கட்டுரையின் கடைசியில், டேட்டாபேஸே வைத்திருக்கும் புள்ளிவிவரப் பட்டியலில் எந்த நெடுவரிசையைப் பார்த்தால் உங்கள் டேபிளில் எத்தனை செத்த வரி இருக்கிறது என்று தெரியும் என்பதையும் ஒரே வரியில் கொடுத்திருந்தார்.

அன்று இரவே பார்த்தேன். அப்போது டேபிளில் சுமார் 60 லட்சம் வரி. 20 சதவீதம் என்றால் 12 லட்சம். நாளுக்கு 24,000 செத்த வரி சேர்ந்தால் 12 லட்சம் சேர 50 நாள் ஆகும். அதாவது இரண்டு துப்புரவுக்கு நடுவில் ஐந்து பட்டுவாடா கடந்து போகிறது. அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. பட்டுவாடா படிப்பது கடைசிப் பத்து நாள் வரிகளை மட்டும்தான். செத்த வரிகளும் சரியாக அங்கேயேதான் குவிந்து கிடக்கின்றன, ஒவ்வொரு உயிருள்ள வரிக்கும் பக்கத்தில் ஒரு செத்த வரியாக. மொத்த டேபிளைப் பார்த்தால் 20 சதவீதம்தானே என்று தோன்றும். படிக்கிற பகுதியில் பாதி குப்பை.

அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் 20 சதவீதத்தை 2 சதவீதமாகக் குறைத்தேன். அடுத்து அந்தத் தொகை இண்டெக்ஸைத் தூக்கினேன். அதை யாரும் பயன்படுத்தவே இல்லை. அது இருந்ததால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் எல்லா இண்டெக்ஸிலும் புதுப் பதிவு விழுந்துகொண்டிருந்தது. திருத்தப்படும் நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் இல்லாமல், வரி இருக்கும் டிஸ்க் பக்கத்திலேயே இடமும் இருந்தால், போஸ்ட்கிரெஸ் இண்டெக்ஸைத் தொடாமலே திருத்திவிடும். அடுத்த பட்டுவாடாவில் டீக்கடைக்குப் போக நேரமில்லாமல் போனது.

எழுதியவருக்கு என் பால் கணக்கு தெரியாது. ஆனால் அவர் கொடுத்த விதி, எண், பார்க்க வேண்டிய இடம் மூன்றையும் வைத்து என் டேபிளுக்கு நானே கணக்குப் போட முடிந்தது. ஒரு செய்திமடலிடம் நான் எதிர்பார்ப்பது அதுதான். உங்கள் நான்கு இதழிலும் அப்படி ஒரு விதி, ஒரு எண், ஒரு பார்க்கும் இடம் எங்கே இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். ஓர் இதழில் ஒரு கோடு விழுந்தாலே தாராளம். நான்கிலும் ஒன்றுகூட விழவில்லை என்றால் பர்ஸை மூடி வைத்துவிடலாம்.

தோல்விகளை அது எப்படி எழுதுகிறது என்பதையும் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லாபில் ஓர் எஞ்சினியர் தவறான சர்வரில் டேட்டா டைரக்டரியை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போனது. ஒன்றுக்கு மேல் பேக்கப் முறைகள் வைத்திருந்தும் நினைத்தபடி எதுவும் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்நாப்ஷாட்தான் காப்பாற்றியது. இந்தக் கதையை 'பேக்கப் எடுங்கள்' என்ற புத்திமதியோடு முடிக்கும் எழுத்தால் எந்தப் பயனும் இல்லை. அவர்களும் எடுத்துக்கொண்டுதானே இருந்தார்கள்? பேக்கப் புரோகிராமின் பதிப்பு 9.2, டேட்டாபேஸின் பதிப்பு 9.6, பொருந்தாமல் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது, தோற்றதைச் சொல்லும் மெயில்களும் வந்து சேரவில்லை. இந்த அளவு எழுதினால்தான் படிக்கிறவன் எழுந்து போய்த் தன் சர்வரைப் பார்ப்பான். நான் போய்ப் பார்த்தேன். ஒரு சொசைட்டியில் டிஸ்க் நிறைந்துபோய், இரண்டு வாரமாகப் பேக்கப் ஃபைல் பூஜ்யம் கேபியாக விழுந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறு மெஷினில் ஏற்றி, ஒரு பட்டுவாடாத் தொகையைப் பழைய அச்சுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

2018 அக்டோபரில், அதே மாதிரி இன்னொரு தளமான கிட்ஹபில் நெட்வொர்க் அறுந்தது 43 நொடி. சேவை முழுதாகச் சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. அந்த 43 நொடிக்கும் 24 மணிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று விளக்குகிற செய்திமடல் எனக்கு வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் எழுதப்பட்ட சில வரிகள் மேற்குக் கரைக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குள் தானியங்கி ஏற்பாடு மேற்கைத் தலைமையாக்கிவிட்டது, அங்கேயும் புது வரிகள் விழத் தொடங்கின. இரண்டு பக்கமும் மற்றதில் இல்லாத டேட்டா. எதையும் இழக்காமல் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்ததால்தான் அத்தனை நேரம். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கணக்கு வைத்துப் பழகிய நமக்கு இது உடனே புரியும்.

காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் விசாரியுங்கள். விளம்பரம் வாங்குவது குற்றமில்லை; எழுதுகிறவருக்கும் குடும்பம் உண்டு. விளம்பரம் கொடுத்த கம்பெனியின் டேட்டாபேஸ் அந்த இதழிலேயே வேகப் போட்டியில் ஜெயித்தால் மட்டும் நின்று நிதானித்துப் படியுங்கள். மெஷின் எது, டேட்டா மெமரிக்குள் அடங்கியதா, எழுதியது டிஸ்கில் உறுதியாகும் வரை காத்திருந்தார்களா, சராசரி வேகமா அல்லது நூறில் மோசமான அந்த ஒன்றின் வேகமா? இவை இல்லாத வேகக் கணக்கை நான் தாண்டிப் போய்விடுவேன். 1980-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேவிட் டிவிட் டேட்டாபேஸ்களை ஓடவிட்டு ஒப்பிட்டு வெளியிட்டார். டேட்டாபேஸ் விற்கும் ஆரக்கிள் கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு, அனுமதியில்லாமல் வேகச் சோதனை முடிவை வெளியிடக்கூடாது என்ற நிபந்தனை பல உரிம ஒப்பந்தங்களில் வந்தது. இன்றும் அதை அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். ஆகவே உங்கள் கண்ணுக்கு வருவது ஏற்கெனவே வடிகட்டப்பட்ட முடிவாக இருக்கலாம்.

தவறைத் திருத்திக்கொள்கிறாரா என்று பார்க்கப் பழைய இதழ்கள் வேண்டும். இந்தத் துறையில் நிச்சயம் என்று நம்பியதெல்லாம் மாறும். எஃப்சிங்க் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்கில் எழுதியாயிற்றா என்று ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்பதுதான் எஃப்சிங்க். தோற்றால் மறுபடி கேட்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் சுமார் 20 வருடம் நம்பி வந்தது. லினக்ஸில் இரண்டாவது தடவை கேட்டால், எழுதாமலே 'ஆயிற்று' என்று பதில் வரக்கூடும் என்பது 2018-இல்தான் பெரிய பேச்சானது. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளில், எஃப்சிங்க் தோற்றால் டேட்டாபேஸ் தன்னை நிறுத்திக்கொண்டு, மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேட்டிலிருந்து மீளும்படி மாற்றினார்கள். இடி மழையில் கரண்ட் போய்ப் போய் வரும், யூ.பி.எஸ். பேட்டரி செத்துக் கிடக்கும் சொசைட்டிகளில் பழைய டிஸ்க்குகளோடு வேலை பார்க்கிற எனக்கு, அது பல இரவு தூக்கத்தைக் கெடுத்த செய்தி. 2018-க்கு முன்பிருந்து எழுதுகிறவர் என்றால் அவர் அதை எப்படி எழுதினார் என்று தேடிப் படியுங்கள். 'நானும் இதுவரை தப்பாகத்தான் சொல்லி வந்தேன்' என்று எழுதியிருந்தால், அந்த ஒரு வரிக்காகவே ஒரு வருடச் சந்தா கட்டலாம்.

எவ்வளவு நல்ல ஆங்கிலச் செய்திமடலாக இருந்தாலும் நமக்கென்று உள்ள ஒரு சிக்கலை அது தொடாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்கிறேன். கொழிஞ்சாம்பாறை. இதில் முதல் எழுத்து 'கொ'. யூனிகோடில் இதைக் ககரமும் ஒகரக் குறியும் சேர்த்து இரண்டு குறியாக எழுதலாம். ககரம், கொம்பு, கால் என்று மூன்று குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். டேட்டாபேஸிடம் நீளம் கேட்டால் ஒன்றுக்கு 14, மற்றதுக்கு 15 என்று சொல்லும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஏற்றிய ஒரு பட்டியலில் இரண்டாவது வகை வந்துவிட்டது. ஊர் பெயரைப் போட்டுத் தேடினால் பாதிப் பேர்தான் வந்தார்கள். போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து இரண்டையும் ஒரே வடிவாக்கும் ஃபங்ஷன் இருப்பதால் தமிழுக்கு அதோடு முடிந்தது. மலையாளத்தின் சில்லு எழுத்துகளுக்கு (தனியே நிற்கும் மெய்யின் வடிவங்கள்) அதுவும் போதாது. 2008-இல் வந்த யூனிகோட் 5.1-இல்தான் அவற்றுக்குத் தனிக் குறி கிடைத்தது. அதற்கு முந்தைய முறையில் எழுதியதையும் புதியதையும் அந்த ஃபங்ஷன் ஒன்றாகப் பார்க்காது. அதற்கு நானே ஒரு மாற்றுப் பட்டியல் எழுதினேன்.

இதை எழுதாததற்காக ஒரு செய்திமடலுக்கு நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன். ஆனால் 2018-இல் வந்த, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28, எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையை மாற்றியதால் லினக்ஸ் சர்வரை மேம்படுத்தியவர்களின் இண்டெக்ஸ்கள் கெட்டுப்போனதை விளக்கிய ஒரு கட்டுரையைப் படித்த பிறகுதான், எழுத்து என்பது டேட்டாபேஸுக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்றே நான் யோசிக்கத் தொடங்கினேன். அடிப்படையைச் சொல்லித் தருகிற எழுத்து, அவருக்குத் தெரியாத நம் ஊர்ச் சிக்கலுக்கும் வழி காட்டும்.

வாரம் ஒன்றா மாதம் ஒன்றா, படம் அழகா, எத்தனை ஆயிரம் பேர் படிக்கிறார்கள் என்பதையெல்லாம் நான் கணக்கில் எடுப்பதில்லை. வெறும் லிங்க் தொகுப்பாக வருவதற்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள். அதை இலவசமாகச் செய்கிறவர்கள் நிறைய.

சந்தா கட்டும் முன் இரண்டு வருடம் பழைய இதழ் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் கொடுப்பார்கள். அவற்றில் 'இனி எல்லாரும் இதற்குத்தான் மாறுவார்கள்' என்று எழுதியவை என்ன ஆயின என்று பாருங்கள். உங்கள் நான்கில், யூயூஐடி சாவி (ஒவ்வொரு வரிக்கும் அடையாளமாக வைக்கும் நீளமான தனிக் குறி) பற்றி ஏதாவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அதிலேயே ஆரம்பியுங்கள். பத்து லட்சம் வரி வீதம் இரண்டு டேபிள். ஒன்றில் முழுக்கத் தாறுமாறாக வரும் நான்காம் வகைச் சாவி, இன்னொன்றில் நேர வரிசையில் வரும் ஏழாம் வகை. போஸ்ட்கிரெஸ் 18-இல் இரண்டுமே உள்ளேயே இருக்கின்றன. முதலில் இண்டெக்ஸோடு டேபிளை உருவாக்கிவிட்டு, அப்புறம் வரிகளை நிரப்புங்கள். இரண்டு இண்டெக்ஸின் அளவையும் நிரப்ப ஆன நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, இதழில் சொன்னதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.